எந்த மாசம்மா?

எங்கள் கடையில் இரண்டு பேருக்குத்தான் நாற்காலி உண்டு. ஒன்று மேனேஜருக்கு, இன்னொன்று பில் அக்காவுக்கு. மேனேஜருடையது சுழலும். அக்காவுடையதில் ஒரு கால் குட்டை; அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு சாமான்களைப் பையில் போடுகிறவன் நான். பேக்கிங் அண்ணன் என்பார்கள். அக்கா என்னைவிட வயதில் சின்னவள். ஆனாலும் வேலைக்கு வந்த வாரமே மேனேஜரைத் தவிர எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டாள், எனக்கும் சேர்த்துத்தான்.

குழந்தைச் சாமான் கடை. கீழே பால்புட்டி, டயப்பர், துணிமணி. மாடியில் தொட்டில், தள்ளுவண்டி. பல ஊர்களில் கிளை போட்டிருக்கும் பெரிய கம்பெனியின் சின்னக் கிளை இது. வருகிறவர்களில் பாதிப் பேர் வயிற்றில் பிள்ளையோடு வருவார்கள், மீதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு வருவார்கள். இரண்டு வகையும் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாத வகை. கணவன்மார்கள் இன்னும் மோசம். பணம் கொடுக்கும் நேரத்தில் அவர்களுக்குப் போன் வந்துவிடும்.

பில் போடும் கம்ப்யூட்டர் போன் நம்பர் இல்லாமல் வாயைத் திறக்காது. நம்பரை அடித்ததும் இன்னொரு கட்டம் திறக்கும். குழந்தை பிறந்துவிட்டதா? எந்தத் தேதி? பிறக்கவில்லையா? எந்த மாதம் எதிர்பார்க்கிறீர்கள்? இதற்குப் பதில் சொன்னால் ஒரு சின்னத் துவாலை இலவசம். மூலையில் 'தவிர்' என்று ஒரு பொத்தான் உண்டு. அது இருப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

பக்கத்துக் கவுன்ட்டரில் நின்றபடி பில் போடும் பெண் இதைப் போலீஸ்காரி மாதிரி கேட்பாள். "அது எதுக்கு உங்களுக்கு?" என்று எதிர்க்கேள்வி வரும், அல்லது பொய்த் தேதி வரும். அக்கா கேட்கிற விதமே வேறு. கூடையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "எந்த மாசம்மா?" அவ்வளவுதான். இப்படி உட்கார், இதைச் சாப்பிடு, அதைத் தூக்காதே என்று வீடு முழுக்கச் செய்கிற அதிகாரத்தைக் கேட்டுக் கேட்டு வந்த பெண் அந்த ஒரு கேள்வியில் உருகிப்போவாள். மாதத்தைச் சொல்வாள். கால் வீங்குவதைச் சொல்வாள். மாமியாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்வாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மாதத்தை மட்டும் அடித்துக்கொள்வாள்.

இதற்காக ஹெட் ஆபீஸ் அவளுக்கு ஒரு கேடயம்கூட அனுப்பியது. எல்லாக் கிளைகளிலும் அதிக விவரம் சேர்த்த கவுன்ட்டர் அவளுடையதாம். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கி, கார்டு மிஷின் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

சேர்த்த விவரம் எங்கே போகிறது என்பது ரகசியம் ஒன்றுமில்லை. பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அதைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன், அதுவும் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. பால்பவுடர் கம்பெனி, போட்டோ ஸ்டுடியோ, இன்ஷூரன்ஸ், மழலையர் பள்ளி என்று நாலா பக்கமும் போகிறது. 'நம்ம பார்ட்னர்கள்' என்பார் மேனேஜர். அந்த வார்த்தை அவர் வாயில் அடிக்கடி வருவதால் அவருக்கே பார்ட்னர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பிடிக்காத விஷயத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

"நல்ல மனசோட மாசம் சொல்றாங்க. நீ அதைக் கொண்டுபோய் ஊருக்கெல்லாம் வித்துடறே" என்று ஒரு நாள் சொன்னேன்.

"நானா விக்கறேன்? என்னமோ அண்ணே, ஒரு போன் வரும், வேணாம்னா வெச்சிடப்போறாங்க. அதுக்குப் போய் இவ்வளவு கோவமா?" என்றாள் அக்கா. அவளுக்கு அது உண்மையாகவே அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் வந்தது ஒரு சாதாரண நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கையில் கூடை இல்லை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அக்காவை நேராகப் பார்த்தாள்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

அக்காவுக்கு முகங்கள் மறக்காது. மஞ்சள் போர்வை ஒன்றை எடுப்பதா வேண்டாமா என்று இரண்டு தடவை மாடி ஏறி இறங்கிய பெண். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா, வாம்மா! என்ன குழந்தை?"

எங்கள் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. வயிற்றோடு பார்த்தவர்களை மறுபடி பார்த்தால் எங்கள் வாயில் தானாக வருகிற முதல் கேள்வி அதுதான்.

"குழந்தை இல்லை. எட்டாம் மாசமே போயிடுச்சு" என்றாள் அந்தப் பெண்.

என் கையில் இருந்த பை அப்படியே நின்றது.  அக்கா எழுந்து நின்றாள், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"உங்ககிட்டதான் மாசம் சொன்னேன். ஆபீஸ்லகூட அப்புறம்தான் சொன்னேன். முதல்ல உங்ககிட்டதான்." அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "இன்னைக்குக் காலையில பால்பவுடர்காரங்க கூப்பிடறாங்க. வாழ்த்துகள் மேடம், உங்க குழந்தைக்கு மூணு மாசம் ஆயிடுச்சு, கழுத்து நின்னுடுச்சான்னு கேக்கறாங்க."

"இல்லைன்னு சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். சாரி மேடம்னாங்க. அடுத்த குழந்தைக்கு எப்ப பிளான் பண்றீங்கன்னு கேட்டாங்க. அவங்களுக்கு அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க போல. பிளாக் பண்ணினா வேற நம்பர்ல வர்றாங்க. என் நம்பரை எடுத்துடுங்க, ப்ளீஸ். வேற ஒண்ணும் கேக்கலை."

பார்ட்னர் ஓடி வந்தார். ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்கள் மேடம், எங்கள் கையில் எதுவும் இல்லை, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். மெயில் போட்டு மூன்று வாரம் ஆகிறது என்றாள் அவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பையின் காது பிய்ந்துவிட்டது.

மேனேஜர் சொன்னது பொய்யில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் கணக்கைச் சேர்க்கலாம், அழிக்க முடியாது. ஒன்றே ஒன்று செய்யலாம். யாராவது நம்பர் மாற்றினால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். அதற்கும் புதிய நம்பருக்கு ஓடிபி வரும், அதை அடித்தால்தான் ஏற்றுக்கொள்ளும். வாய்க்கு வந்த நம்பரைப் போட்டு ஏமாற்ற வழியில்லை. மணி அடிக்கிற நிஜமான போன் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அக்கா 'கவுன்ட்டர் மூடப்பட்டுள்ளது' பலகையைத் தூக்கி வைத்தாள். வரிசை நிற்கும்போது அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் போன்களை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு நிற்க வேண்டும். பாத்ரூம் போகிறேன் என்று பார்ட்னரிடம் சொல்லிவிட்டுப் போனவள், கைக்குட்டைக்குள் போனைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கீழே குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து அடித்தாள். வேலை முடிந்துவிட்டது.

"இனிமே உங்களுக்கு வராதும்மா" என்றாள்.

"அப்ப?"

"எனக்கு வரும்."

அந்தப் பெண் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாசலைப் பார்க்க நடந்தாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று அன்று மாலை கேட்டேன். "நான்தானே அண்ணே கேட்டேன்" என்றாள். 

முதல் மாதம் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். மகனுக்கு மீசை முளைத்து, அதை எப்படி ஒதுக்குவது என்று கண்ணாடி முன்னால் காலம் கழிக்கிற வயது. அக்கா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் போனை எடுத்த வீட்டுக்காரரிடம், "வாழ்த்துகள் சார், உங்க குழந்தைக்கு நாலு மாசம்" என்று ஒரு பெண் குரல் சொல்லியிருக்கிறது. குளியலறைக் கதவைத் தட்டினாராம் மனுஷன். "ஏம்மா, நான் லோடு ஏத்திட்டுப் போன நேரத்துல வீட்ல என்ன நடந்துச்சு?"

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா இதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். அழைக்கிறவர்களைத் திட்ட மாட்டாள். "வேணாம்மா, எல்லாம் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவர்கள் தலைக்கு மேலேயும் ஒரு பார்ட்னர் நிற்பார், பாவம் என்பாள். குழந்தை இல்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "இன்னைக்குக் கவுந்து படுக்கும்னாங்க" என்பாள் சாப்பிட்டுக்கொண்டே. இன்னொரு நாள், "பல்லு வர்ற நேரமாம், ஈறுல தடவற மருந்து வேணுமான்னாங்க" என்பாள். தவழும்போது முட்டியில் மாட்டுகிற உறை என்று ஒன்று வந்திருக்கிறதாம். போட்டோ ஸ்டுடியோக்காரன் உட்கார வைத்து எடுக்கலாம் என்றானாம். ஒரு நாள் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணே. இல்லாத புள்ள ஒண்ணு என் போன்ல வளருது. நிறுத்தவும் தெரியலை, வளர்க்கவும் தெரியலை."

 என் டப்பாவில் இருந்ததில் பாதியை எடுத்து அவள் மூடியில் வைத்தேன்.

அதற்குள் அவள் கேட்பதும் மாறிப்போயிருந்தது. "மாசம் சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லைம்மா, விருப்பம் இருந்தா சொல்லுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். விருப்பம் இருந்தால் என்று சொன்னால் யார் சொல்வார்கள்? 'தவிர்' பொத்தான் தேய்ந்தது. கேடயம் வேறு ஊர்க் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. இலவசத் துவாலைகள் ஸ்டோர் ரூமில் மூட்டையாகத் தேங்கின. பார்ட்னர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வருடக் கணக்கு பார்க்கும் நேரத்தில் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் கணக்கில் ஊழியர் ஒருவரின் நம்பர். பார்ட்னர் அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். வாசலில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. விழாவிட்டாலும் ஒட்டுக் கேட்டிருப்பேன்.

"கஸ்டமர் வாங்கற சாமானுக்கு வர்ற பாயின்ட்ஸை உங்க பேர்ல சேக்கறீங்கன்னு சந்தேகப்படறாங்க. என்ன இதெல்லாம்?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். பார்ட்னருக்கும் அந்தப் பெண்ணை ஞாபகம் இருந்தது. நாற்காலி சுழலுகிற சத்தம் கேட்டது.

"சனிக்கிழமைக்குள்ள பழைய நம்பரைப் போட்டுடுங்க. இல்லைன்னா உங்களை அனுப்பிடுவாங்க. அனுப்பிட்டு, அவங்களே பழைய நம்பரைப் போட்டுடுவாங்க. ரெண்டும் நடக்கும்."

"சரி சார், அந்த மாசத்தையாவது எடுத்துடுங்க."

"அதை எடுக்க எனக்கே பவர் இல்லைக்கா."

அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் செய்ய முடியாது. ஓடிபி அவள் போனுக்குத்தான் போகும். அதை விடுங்கள், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலையில் மறுபடி "வாழ்த்துகள் மேடம்" என்று அவள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? அக்கா கணக்கைத் திறந்து, அதில் இன்னும் பதிவாகியிருந்த பழைய நம்பரைப் பார்த்துக்கொண்டு லாக்கர் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஹலோ, நான் குழந்தைச் சாமான் கடையில இருந்து பேசறேம்மா..."

டக்கென்று வைத்துவிட்டாள் அந்தப் பெண். மறுபடி அடித்தாள் அக்கா. மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அக்கா காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள்.

"பாத்தீங்களா அண்ணே, நானும் அவங்கள்ல ஒருத்தி ஆயிட்டேன்."

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்தாள். இன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். வரிசை முழுவதும் கரையும்வரை துணி அடுக்கு ஓரமாக நின்றாள். கடைசி ஆளும் போன பிறகு கவுன்ட்டருக்கு வந்தாள்.

"நேத்து கூப்பிட்டது நீங்கதானே? வெச்ச அப்புறம்தான் குரல் யாருதுன்னு தெரிஞ்சுது."

அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை, ஹெட் ஆபீஸ், தன் வேலை, தான் போனாலும் நம்பர் திரும்பிவிடும் என்பது, தன்னால் இனி ஒன்றும் செய்ய முடியாதது. "மன்னிச்சுடும்மா" என்றாள் கடைசியில்.

அந்தப் பெண் கார்டு மிஷினை விரலால் நகர்த்தி நேராக வைத்தாள்.

"உங்களுக்கு இன்னும் கூப்பிடறாங்களா?"

"கூப்பிடறாங்கம்மா."

"இப்ப என்ன சொல்றாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பைகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன்.

"அது எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுங்களேன்."

"ஒரு வயசு முடிஞ்சிடுச்சாம்" என்றாள் அக்கா மெதுவாக. "நடக்க ஆரம்பிச்சிருக்குமாம். முதல் ஷூ, அடி மெத்துனு இருக்கறதா பாத்து வாங்கணுமாம். விழுந்தா ஓடிப்போய்த் தூக்காதீங்க, தானா எந்திரிக்கட்டும்னு சொன்னா அந்தப் பொண்ணு."

"நடக்குதா" என்றாள் அவள்.

பிறகு பேசினாள். வீட்டுக்காரர் நல்லவராம். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தொட்டில், போர்வை, துணி எல்லாவற்றையும் காரில் ஏற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, அறைக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தாராம். அவளுக்கு வலிக்கக்கூடாது என்றுதான். அம்மா, அப்பா, ஆபீஸ், யாருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எல்லாரும் அவள் மேல் அவ்வளவு அன்பு.

"அவங்க கூப்பிட்டப்போ போனைத் தூக்கி அடிக்கணும்போல இருக்கும். நீங்க மாத்தினப்புறம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் பஸ்ல விரல் விட்டு எண்ணிப் பாக்கறேன், எனக்கே மாசம் குழம்புது. பதறிப்போயிட்டேன். வேற யாரும் எண்ணலைக்கா. அவங்க மட்டும்தான் எண்ணிட்டிருந்தாங்க."

 எனக்குக் கோபம் வந்தது, அது இல்லாமல் எனக்கு எதுவும் வராது. பால்பவுடர் டப்பா விற்கிறவன் எண்ணுகிறான், டப்பா விற்பதற்காகத்தான் எண்ணுகிறான். அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் ஒருத்தன்தான் எண்ணினான் என்றால், அந்தப் பெண்ணைச் சுற்றி இத்தனை பேர் அன்பாக இருந்து என்ன பிரயோஜனம்? பக்கத்து வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு, பேச்சை மாற்றி, வெள்ளை அடிக்கத்தான் உதவி செய்திருப்பேன்.

"மாத்திடுங்க. எனக்கே வரட்டும். தோணினா எடுக்கறேன், தோணலைன்னா விட்டுடறேன்" என்றாள் அவள்.

அக்கா நம்பரை அடித்தாள். அந்தப் பெண்ணின் போன் ஒரு முறை அதிர்ந்தது. ஓடிபியை அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அக்கா ஒவ்வொரு எண்ணாக அடித்தாள். கணக்கு மாறியது. மாறியதும் புதிதாக ஒரு கட்டம் திறந்தது. குழந்தையின் பெயர் என்று கேட்டு, பக்கத்தில் ஒரு கோடு மின்னி மின்னி அணைந்தது.

அக்கா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தபடியே அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.

"பேரு யோசிச்சு வெச்சிருந்தீங்களாம்மா?"

அந்தப் பெண் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டாள். "இதுவரைக்கும் யாரும் கேக்கலை" என்றாள். பிறகு பெயரைச் சொன்னாள்.

அக்கா அதை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேரு" என்றாள். கட்டத்தில் ஒரு எழுத்துகூட அடிக்காமல் மூடிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற என் காதிலும் அந்தப் பெயர் விழுந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.